தண்ணீர் தீர்க்காத தாகம்

விருத்தாசலத்துக்குப் போகிறவர்கள் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். அச்சில் வார்த்த சின்னஞ்சிறு பொம்மைகள் சூளைக்குப் போவதும் வருவதும் பார்க்கப் பார்க்க வேடிக்கை. ஒரு தடவை சூளையில் வெந்து, இன்னும் பளபளப்புப் பூச்சுப் பூசாத பீங்கானை நாக்கு நுனியால் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா? நாக்கு பச்சென்று ஒட்டிக்கொள்ளும்! கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன.

பொம்மையிடமிருந்து நாக்கை எடுத்துவிடலாம். ஆனால் சொந்த வாயே இரவும் பகலும் இப்படி ஒட்டிக்கொண்டால்?

எச்சில் என்றாலே நாம் முகத்தைச் சுளிக்கிறவர்கள். எச்சில் இலை, எச்சில் கை என்று ஒதுக்கி வைத்தே பழக்கம். அந்த எச்சில்தான் நம் வாய்க்குப் பூச்சு! நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, சோற்றை உருட்டி விழுங்க வைக்கிறது, ருசியை நாக்குக்கு எடுத்துச் செல்கிறது, பல்லை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது, கிருமிகளையும் அடக்குகிறது. அது வற்றினால் பேச்சு குழறும், காரம் நெருப்பாகச் சுடும், பற்கள் ஈறோரமாகச் சொத்தையாகும்.

வற்றுவதற்குக் காரணங்கள் பல. நீரிழிவு ஒன்று. அலர்ஜி, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.) இவை தவிர, வேலியே பயிரை மேய்கிற கதையும் ஒன்று உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய படையே உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் பகைவன் என்று எண்ணித் தாக்குகிறது. இதற்கு ஷோக்ரென் நோய் என்று பெயர்.

ஹென்ரிக் ஷோக்ரென் ஸ்வீடன் தேசத்துக் கண் வைத்தியர். கண் உலர்ந்துபோன 19 பெண்களைப் பரிசோதித்து 1933-ல் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு வலியும் இருந்தது. கண், வாய், மூட்டு மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்பது அவர் கண்டது. பல்கலைக்கழகமோ அந்த நூலுக்குப் பெரிய மதிப்பெண் கொடுக்கவில்லை! 1943-ல் அது ஆங்கிலத்தில் வந்த பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். அந்த வயதில் நம் வீட்டுப் பெண்மணி ஒருத்தி, "வாய் காய்கிறது, கண் மணல் போட்டாற்போல் உறுத்துகிறது, கை விரல் வலிக்கிறது, அசதியாக இருக்கிறது" என்றால் என்ன பதில் கிடைக்கும்? "வெயில் அம்மா, தண்ணீர் குடி!" அல்லது, "எல்லாம் மனப்பிரமை!"

சுந்தரமூர்த்தி நாயனார் இதே விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். அவருக்குக் கிடைத்தது. இந்த நோயாளிகளோ கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று ஒவ்வொரு குளமாகத் தேடுகிறார்கள். பற்கள் போன பிறகே விஷயம் தெரிகிறது.

ஆகையால் இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேலாக அன்றாடம் வாய் உலர்கிறதா? பொரிகடலை போன்ற உலர்ந்த பண்டத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லையா? ஆம் என்றால் வாய், கண், மூட்டு மூன்றின் கதையையும் ஒரே டாக்டரிடம் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை உண்டு; கண்ணோரத்தில் சிறு காகிதத் துண்டை ஐந்து நிமிஷம் வைத்துக் கண்ணீரை அளப்பதும் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகியவற்றில் இதற்கான தனித் துறைகள் இருக்கின்றன.

நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இல்லை. ஆனால் சமாளிக்க வழியுண்டு:

தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்காமல் அடிக்கடி ஒரு மிடறு பருகுங்கள். மொத்தமாகக் குடித்தால், மிச்சமிருக்கும் வழவழப்பும் கழுவிக்கொண்டு போய்விடும்.

எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சையும் புளிப்பு மிட்டாயும் வாயில் அடக்க வேண்டாம். காவலில்லாத பல்லை அமிலம் கரைத்துவிடும். வெற்றிலைப் பாக்கும் கூடாது. பாக்கு புற்றுநோய் தரக்கூடியது. சர்க்கரையில்லாத, சைலிட்டால் சேர்த்த சூயிங்கம் மெல்லலாம்.

சோற்றைக் குழைய வடித்து, காரம் குறைத்த குழம்போ மோரோ தாராளமாக விட்டுப் பிசையுங்கள். முறுக்கும் அப்பளமும் பிறருக்கு இருக்கட்டும்.

ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் இரு வேளை பல் துலக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பல் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.

மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படும்படி படுக்காதீர்கள். தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும்.

உமிழ்நீரைச் சுரக்க வைக்கும் பைலோகார்ப்பின் என்ற மாத்திரையும் இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாமல் போகலாம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். காதுக்குக் கீழே கன்னம் வீங்கி வடியாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கு நடுவே பத்துத் தடவை டம்ளரைத் தூக்குகிற அம்மாவை, "இதென்ன பழக்கம்?" என்று கேட்காதீர்கள். டம்ளர் காலியானால் நிரப்பி வையுங்கள். அவள் சொல்வதை நம்பி, டாக்டரிடம் கூடவே போங்கள்.