பழைய காடி திடீரென்று எண்ணெய் குடித்தால்...



நம் தோட்டத்து வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களைப் பாருங்கள். தோட்டத்தை விட்டு மஸ்ஜித் தானா தாமான்களுக்கு வந்துவிட்டவர்களின் வாசல்களையும் பாருங்கள். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி வெளிவந்த புரோட்டோன் சாகாவின் வழியில் வந்த பழைய கார்கள், 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த கஞ்சில் எல்லாம் இன்னும் அங்கங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்பா வாங்கி மகன் ஓட்டும் கார்களும் உண்டு. அப்படிப்பட்ட காடி ஒன்று, போன மாதம் வரை ஒழுங்காக ஓடிவிட்டு, இந்த மாதம் எண்ணெயைத் தண்ணீராய்க் குடிக்க ஆரம்பித்தால் என்ன செய்வது?

"வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். வயதானால் குடி மெல்ல மெல்லத்தான் கூடும். (நான் காடியின் குடியைச் சொல்கிறேன்!) ஒரே வாரத்தில் கூடியிருந்தால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. பெரும்பாலும் அது ஒரே ஒரு பொருளாகத்தான் இருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் பிளக், கார்புரேட்டர், பம்பு என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பட்டறைக்காரருக்குத்தான் நல்லது.

முதலில் கணக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குதான். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய கார் 8 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் முன்பு 50 லிட்டர். இப்போது 75 லிட்டர். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி நம் அடையாள அட்டைக்கு உதவித்தொகை பெட்ரோல் வந்தபோது விலை லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் வைத்துப் பார்த்தாலே 25 லிட்டருக்கு 49 வெள்ளி 75 காசு. அதே ஆண்டு பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. மாதா மாதம் 50 வெள்ளி புகையாகப் போவதென்பது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமா?

ஆனால் குடி உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மீட்டர் முள்ளைப் பார்த்தோ, "இருபது வெள்ளிக்குப் போட்டது இரண்டு நாள்தான் வந்தது" என்றோ முடிவு செய்யக்கூடாது. டாங்கை நிறைத்து, பம்பு தானாக நின்றதும் நிறுத்துங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு 150 கிலோமீட்டராவது ஓடுங்கள். பிறகு அதே நிலையத்தில், அதே பம்பில், அதே மாதிரி நிறையுங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பெரிய பையன் இருந்தால் அவனிடம் நோட்டைக் கொடுங்கள்; வகுத்தல் மறக்காது.

இதில் இரண்டு ஏமாற்று உண்டு. டயரைப் பெரிய அளவுக்கு மாற்றிப் போட்டிருந்தாலோ, மீட்டர் கேபிள் தேய்ந்திருந்தாலோ கார் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும். எண்ணெய் அதே அளவுதான் செலவாகும், கணக்குதான் பொய். இன்னொன்று, பூட்டில்லாத டாங்கு மூடி. இரவில் ஒரு ரப்பர் குழாய் போதும். சாயங்காலம் முள் நின்ற இடத்தைக் குறித்துவைத்து, காலையில் வண்டியைக் கிளப்பியதும் பாருங்கள். அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்கும்முன் காருக்கு அடியிலும் பாருங்கள், ஒழுக்கு இருக்கலாம்.

கணக்கு உண்மைதான் என்று தெரிந்துவிட்டதா? அடுத்து உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குடி தொடங்குவதற்கு முன் இந்தக் காருக்குக் கடைசியாக என்ன செய்தோம்?

இந்தக் கேள்வியை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த தோட்டத்துச் சகோதரர் ஒருவர், பழைய வீரா வைத்திருப்பவர், "சார், காடி எண்ணெயைக் குடிச்சித் தீர்க்குது, வித்துடலாமான்னு பாக்குறேன்" என்று வந்தார். அந்தக் காரில்தான் அவர் தம் தாயாரை அலோர் காஜா மருத்துவமனைக்குத் தவணை தவறாமல் அழைத்துப் போகிறார். பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்பும் மாற்றியாயிற்று, குடி குறையவில்லை. கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் எஞ்சின் சூடேறி நின்றதாம். ஒரு பட்டறையில் "நம்ம ஊர் சூடான ஊர், இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்களாம். குடி அன்றிலிருந்துதான்!

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடேறியதும் உள்ளேயிருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடி, எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. ஊசி வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் கார்களில் கம்ப்யூட்டர் அதைத் தானாகவே செய்யும். பாவம், அதற்கு எந்நேரமும் விடியற்காலைதான்! தானாக இயங்கும் சோக் உள்ள கார்புரேட்டர் கார்களிலும் இதே கதை நடக்கும். நம் ஊர் சூடுதான், ஆனால் நம் மத்தியான வெயில் 34 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டியது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். "சூடான ஊர்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் காரில் இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு 30 கிலோமீட்டர் சுமார். அதில் பாதி வழி போவதற்குள் சூட்டு முள் நடுப்பக்கம் வந்து நிற்க வேண்டும். கீழேயே படுத்திருந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. முள் சரியாக நின்றும் குடி குறையவில்லை என்றால், கம்ப்யூட்டருக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரையும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சகோதரர் சின்ன விலையில் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டார். சூடேறியதற்கு மூல காரணமான ரேடியேட்டர் அடைப்பையும் சுத்தம் செய்தார். காரை விற்கவில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிரேக். நாட்கணக்கில் மழையில் நின்ற காரில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஓட்டுவது, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க முன்னால் நாம் ஓடுவது மாதிரி. சில கிலோமீட்டர் அதிகம் பிரேக் மிதிக்காமல் ஓட்டி வந்து நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கேதான் பிடிக்கிறது. இதை விட்டுவைத்தால் எண்ணெய் மட்டுமல்ல, பிரேக்கே போய்விடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது. நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் மாட்டியிருக்கும், அல்லது கார்புரேட்டர் மிதவை ஊசி அடைக்காமல் இருக்கும். டயர் காற்றைப் பாருங்கள், எண்ணெய் நிலையத்தில் இலவசம்தான். ஆனால் காற்று கொஞ்சம் குறைந்ததால் மட்டும் 12 போய் 8 ஆகாது. ஏர் ஃபில்டர் பற்றியும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்ததில், கம்ப்யூட்டர் உள்ள கார்களில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறைந்தது, எண்ணெய்ச் செலவு பெரிதாக ஏறவில்லை. கார்புரேட்டர் கார்களுக்கு அது ஓரளவு உண்டு. விலை கூடிய 97 ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் தட்டாமல் ஓடினால் 95 போதும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சோக் கம்பியை முதலில் பாருங்கள். வாசலில் நிறுத்திய ஹோண்டா கப்பில் ஏறி விளையாடும் பிள்ளை அதை இழுத்துவிட்டிருப்பான். பிறகு செயின் இறுக்கம், பின் பிரேக்.

ஒன்றை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியைக் கிளப்பாதீர்கள். பழைய கார்புரேட்டர் கார்களில் எஞ்சினோடு ஒட்டிய பெட்ரோல் பம்பு இருக்கும். அதன் ரப்பர்த் தாள் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். பட்டறையில் மினாக் ஹீத்தாம் என்கிறார்களே, அதன் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் பம்பை மாற்றி ஆயிலையும் மாற்றும்வரை அந்தக் காரை ஓட்ட வேண்டாம். பக்கத்தில் சிகரெட், ஊதுவத்தி எதுவும் வேண்டாம். இரவில் பார்ப்பதென்றால் டார்ச் லைட்டோடு போங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள்.