100 ஜிபி ஃபைல், 6 ஜிபி இடம்: ரெண்டில் எது நிஜம்?

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்று நொந்தவர்களுக்குத் தெரியும், எல்லாப் பெட்டியிலும் சரக்கு இருக்காது. ஆனாலும் துறைமுகம் பெட்டிகளை 20 அடி அலகில் (டிஇயூ) எண்ணும்போது காலிப் பெட்டியும் கணக்கில் வரும். உள்ளே இருக்கும் சரக்குக்கு டன் கணக்கு தனி.

கம்ப்யூட்டரிலும் இப்படி ரெண்டு கணக்கு உண்டு. ராயபுரத்தில் ஒரு சின்ன ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு 100 ஜிபி டிஸ்க் ஃபைல் ஒன்று. அதில் இதுவரை எழுதியது 6 ஜிபிதான். மிச்ச இடம் வெறும் 'ஓட்டை'. யாராவது அதைப் படித்தால் சிஸ்டம் பூஜ்யங்களைக் காட்டும். டிஸ்க்கில் அதற்கு இடமே ஒதுக்காது. இதுதான் ஸ்பார்ஸ் ஃபைல். லினக்ஸில் 'எல்எஸ்' கட்டளை 100 ஜிபி என்று சொல்லும். 'டியு' கட்டளை, நிஜமாக ஒதுக்கிய பிளாக்குகளை எண்ணி 6 என்று சொல்லும். விண்டோஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ரெண்டு வரி இருப்பது இதற்குத்தான். நம்மில் பாதிப் பேர் இரண்டாவது வரியைப் பார்ப்பதே இல்லை.

ரெண்டுமே நிஜம். ஒன்றை மட்டும் காட்டும் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்தான் தப்பு செய்கிறது.

6 ஜிபிதானே என்று எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருக்கும் 64 ஜிபி பென் டிரைவில் பேக்கப் எடுத்துப் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு ஓட்டை தெரியாது. பூஜ்யங்களையும் சேர்த்து 100 ஜிபி எழுதப் பார்த்து, பாதியில் நின்றுவிடும்.

இதைவிட மோசம் இன்னொன்று. 500 ஜிபி டிஸ்க்கில் இதே மாதிரி பத்து மெஷின். கொடுத்த வாக்கு 1,000 ஜிபி, இன்றைய செலவு 60. எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஃபைல்கள் வளரும். மெஷினுக்குள் எதையாவது டெலீட் செய்தாலும், 'டிரிம்' வசதி போட்டிருந்தால் ஒழிய, வெளியே அந்த இடம் திரும்பி வராது. ஒருநாள் டிஸ்க் நிறையும். கப்பல் கட்-ஆஃபுக்கு முன் ஷிப்பிங் பில் போட வேண்டிய நேரமாகப் பார்த்து பத்து மெஷினும் ஒன்றாகத் திணறும்.

அதனால், இன்றைக்கு எவ்வளவு செலவு என்று கேட்டால் பிளாக் கணக்கைப் பார்க்கலாம். புது டிஸ்க் வாங்க, பேக்கப் திட்டமிட முழு அளவுதான் உதவும். சாஃப்ட்வேர் இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். வாக்கு டிஸ்க்கைத் தாண்டும் அன்றே எச்சரிக்க வேண்டும். டிஸ்க் 90 சதவீதம் நிறைந்த பிறகு வரும் சிவப்பு மெசேஜ் யாருக்கு வேண்டும்?