கப்பலின் வயிற்றுக்குள் ஒரு கைவிளக்கு



கெடா மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகத் தேறியிருக்கிறானாம். கப்பல் இஞ்சினியராகத்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். "கப்பல் இஞ்சினுக்குள்ளேயே இறங்கி வேலை செய்ய வேண்டும் என்கிறார்களே, உண்மையா? பிள்ளையை அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

நானோ பினாங்கு ஃபெரியைத் தவிர வேறு எந்தக் கப்பலிலும் கால் வைத்தவன் அல்லன். ஆனால் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன் இன்று சரக்குக் கப்பலில் மூன்றாம் இஞ்சினியராக இருக்கிறான். தீபாவளிக்கு ஊர் வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, முறுக்குத் தட்டு காலியாகும் வரை கேள்வி கேட்டேன். அவன் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். ஆம் அம்மா, இஞ்சினுக்குள்ளே இறங்கத்தான் வேண்டும்.

இஞ்சின் என்றதும் நமக்குத் தோட்டத்து லோரியின் முன்மூடியைத் திறந்தால் தெரிவதுதான் நினைவுக்கு வரும். அந்த நினைப்பை ஒதுக்கி வையுங்கள். 2006ஆம் ஆண்டில் கடலுக்கு வந்த 'எம்மா மார்ஸ்க்' என்ற கொள்கலன் கப்பலின் இஞ்சினுக்கு 14 சிலிண்டர்கள். உயரம் பதின்மூன்றரை மீட்டர். அதாவது நான்கு மாடிக் கட்டடம். நீளம் ஏறத்தாழ 27 மீட்டர். எடை 2,300 டன். அதன் பிஸ்டன் ஒன்றின் குறுக்களவு 96 சென்டிமீட்டர். அது மேலும் கீழும் போய்வரும் தூரம் இரண்டரை மீட்டர். மாடிப்படி ஏறித்தான் அந்த இஞ்சினின் தலையைப் பார்க்க முடியும்.

இத்தனை பெரிய உடம்பு சுற்றுவது நிமிடத்துக்கு 102 தடவைதான். கப்பலின் சுழல்விசிறியை நடுவில் கியர் எதுவும் இல்லாமல் நேராகவே சுழற்றுவதால் அந்த மெதுவான வேகமே போதும். ஆனால் அது ஓயாமல் சுற்றுகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,46,880 சுற்று. நடுக்கடலில் அது நின்றுவிட்டால் தள்ளிவிட ஆள் கிடையாது. பட்டறைக்கு இழுத்துப் போக முடியாது. காற்றும் அலையும் கப்பலைத் தம் விருப்பப்படி கொண்டு போகும். ஆகவே, பட்டறையும் வைத்தியரும் கப்பலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஓடும்போது செய்யும் கண்காணிப்பு ஒருவகை. சிலிண்டர் ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் புகையின் வெப்பம், எண்ணெயின் அழுத்தம், குளிர்நீரின் சூடு எல்லாவற்றையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இப்போது பல கப்பல்களில் இரவில் இயந்திர அறையில் ஆளே இருப்பதில்லை. கோளாறு ஏற்பட்டால் முறைக்காரரின் படுக்கை அறையில் மணி அடிக்கும். "மணி அடிக்காத ராத்திரிதான் சார் எங்களுக்குத் தீபாவளி" என்றான் என் மாணவன். ஆனாலும் சுற்றிப் பார்க்கப் போகும்போது காதையும் மூக்கையும் கூடவே கொண்டு போக வேண்டுமாம். புதிதாக ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை. கருவி சொல்வதற்கு முன்பே சில சமயம் மூக்கு சொல்லிவிடுகிறது.

மற்றொரு வகைதான் உள்ளே பார்ப்பது. அதற்கு இஞ்சின் நிற்க வேண்டும். சிங்கப்பூர்க் கடலில் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நிற்கின்றன என்று நினைக்காதீர்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில், நீங்கள் கரையில் காற்று வாங்கும் அதே நேரத்தில், ஒரு பையன் கைவிளக்கோடு குனிந்து பிஸ்டன் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சைக்கிள் பம்புக்குள் ஒரு தோல் வாசர் உண்டல்லவா? அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையங்களின் வேலையும் அதுதான். எரியும் வாயு கீழே கசியாமல் அவை அடைத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் காற்று நுழைவதற்கான துவாரங்கள் இருக்கின்றன. எரிபொருளையும், இஞ்சினைக் கிளப்பும் அழுத்தக் காற்றையும் அடைத்துவிட்டு, ஒரு சிறு மின்மோட்டாரைப் பூட்டி அந்தப் பூதத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். பிஸ்டன் இறங்கி வரும்போது அதன் வளையங்கள் ஒவ்வொன்றாகத் துவாரத்தின் எதிரே வரும். எண்ணெய் ஈரத்தோடு பளபளத்தால் நலம். வறண்டு கறுத்திருந்தால் வாயு கசிகிறது என்று பொருள். ஒரு குச்சியால் அழுத்திப் பார்த்தால், நல்ல வளையம் எம்பித் திரும்பும். உடைந்த வளையம் அப்படி எம்பித் திரும்பாது.

இதைவிடக் கீழே இருக்கிறது கிரேங்க் அறை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் பெருந்தண்டு சுற்றுகிற இடம். தாய்மார் அஞ்சுவதற்குக் காரணம் உள்ள இடமும் இதுதான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, 'ரெய்னா டெல் பசிபிக்கோ' என்ற பயணிகள் கப்பலைப் பெல்ஃபாஸ்டில் பழுது பார்த்து முடித்து, கடலில் ஓட்டிச் சோதித்தார்கள். ஓர் இஞ்சினில் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறியது. சூடான உலோகத்தில் பட்ட எண்ணெய் ஆவியாகி, பிறகு மெல்லிய வெண்புகை போலக் கிரேங்க் அறையில் நிறைந்தது. அந்த எண்ணெய்ப் பனிக்குத் தீப்பற்றினால் வெடிமருந்துதான். ஓர் இஞ்சின் வெடிக்க, மற்ற மூன்றும் தொடர்ந்து வெடித்தன. 28 பேர் மாண்டனர்.

இன்று பெரிய இஞ்சின்களில் அந்த எண்ணெய்ப் பனியை மோப்பம் பிடிக்கும் கருவி இருக்கிறது. அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து மூடிக்கொள்ளும் வால்வுகள் இருக்கின்றன. கூடவே ஒரு கட்டளையும் இருக்கிறது: எச்சரிக்கை மணி அடித்து இஞ்சினை நிறுத்தினால், உடனே கதவைத் திறக்காதே. சூடு தணியும் முன் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். எண்ணெய்ப் பனிக்கு அதுவே போதும். ஆகவே காத்திருக்க வேண்டும். என்ன ஆயிற்றோ என்று மனம் பதறும்போது அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அங்கே கடினமான வேலை என்றான் அவன்.

ஆறிய பிறகும் துள்ளிக் குதித்து இறங்கிவிட முடியாது. காற்றோட்டம் செய்து, பிராணவாயு போதுமான அளவு இருக்கிறதா என்று கருவியால் அளந்து, வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் நுழைய வேண்டும். சட்டைப் பையில் பேனாகூட இருக்கக் கூடாது. கொண்டுபோகும் சாவி, சுத்தியல் எல்லாம் எண்ணித்தான் உள்ளே போகும். எண்ணித்தான் வெளியே வரும். உள்ளே எங்கும் எண்ணெய் வழுக்கல், வெப்பம். தாங்கிகளின் இடைவெளியை மெல்லிய தகடு செருகி அளப்பார்கள். பெருந்தண்டு வளைகிறதா என்பதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் கருவியால் பார்ப்பார்கள். 2,300 டன் இரும்புக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்! எண்ணெய்த் தட்டில் வெள்ளை உலோகத் துணுக்கு ஒன்று மின்னினால் போதும், ஏதோ ஒரு தாங்கி தேய்ந்து உதிர்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

இவ்வளவு நேரம் உற்சாகமாகப் பேசியவன், இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினான்.

"சார், முதல் கப்பல்ல இருந்தப்போ ஒரு தடவை நான் உள்ளே போகவே இல்ல. புறப்பட நேரமாச்சு, போன தடவை எழுதின எண்ணையே கொஞ்சம் மாத்தி எழுதிடுன்னு மேலே உள்ளவர் சொன்னாரு. எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"ஒண்ணும் நடக்கல. பதினேழு நாள் கடல்ல போனோம். ஒவ்வொரு ராத்திரியும் இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அவனைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்த மறுநாள், முப்பது நோட்டுப் புத்தகங்களைப் படிக்காமலே சிவப்பு மையால் திருத்தம் போட்டவன் நான். அந்த முப்பதில் அவனுடையதும் ஒன்றாக இருந்திருக்கக்கூடும்.

ஆனால் கடலில் எப்போதும் ஒன்றும் நடக்காமல் போவதில்லை. 2019 மார்ச் 23 அன்று நார்வே கடலோரப் புயலில் 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பல் 1,300க்கும் மேற்பட்டவர்களோடு தத்தளித்தது. இஞ்சின்கள் அடுத்தடுத்து நின்றன. கப்பல் பாறைகளை நோக்கித் தள்ளப்பட்டு, ஒரு கப்பல் நீளத் தொலைவுக்கு உள்ளேயே வந்துவிட்டது. கடைசி நேரத்தில் நங்கூரமும், மறுபடி கிளம்பிய இஞ்சினும் காப்பாற்றின. 400க்கும் மேற்பட்டோரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். காரணம் என்ன தெரியுமா? மசகு எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. கப்பல் ஆடியபோது குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியது. இஞ்சின்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டன. லோரி டிரைவர் காலையில் அளவுகோலை இழுத்துப் பார்க்கிறாரே, அந்த வேலைதான்.

இப்போது என் மாணவன் மூன்றாம் இஞ்சினியர். தனக்குக் கீழே உள்ள பையன் அளந்து வரும் எண்களில் இரண்டை, அவன் கண் முன்னாலேயே தானும் இறங்கி அளந்து பார்ப்பானாம். "அவனுக்கு என் மேலே கோபம்தான் சார். இருக்கட்டும்" என்றான்.

அம்மா, நீங்கள் தூங்குவதற்கு என்னிடம் மருந்து இல்லை. இந்தப் பிள்ளையைப் பெற்றவரும் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். உங்கள் மகன் கப்பலில் சேர்ந்த பிறகு ஒரு நாள், "எண்ணை மாற்றி எழுது" என்று யாராவது அவனிடம் சொல்லக்கூடும். அதைப் பற்றி இப்போதே அவனோடு பேசி வையுங்கள். கடல் வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வை உண்டா என்றும் சோதிப்பார்கள். விண்ணப்பப் பாரத்துக்கு அலைவதற்கு முன்னால், அந்தக் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். மலாக்காவில் இருக்கும் கடல்சார் கல்விக் கழகத்துக்கு அவனே ஒரு கடிதம் எழுதி விவரம் கேட்கட்டும். எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள். பிழை இருந்தால் திருத்தி அனுப்புகிறேன். இந்த முறை படித்துவிட்டே திருத்துகிறேன்.