அந்த ஸ்டிக்கை இன்னொரு முறை செய்வதற்கு முன்

போன வாரம் ஒரு ஜூனியர் வாட்ஸ்அப்பில் வந்தான். "அண்ணா, உங்க ஸ்மார்ட் பிளைண்ட் ஸ்டிக் கோடு கிடைக்குமா? மினி ப்ராஜெக்டுக்கு அதையே பண்ணலாம்னு இருக்கோம்."

இந்த ஸ்டிக்கைத் தெரியாதவர் நம்ம காலேஜில் யார்? பிவிசி பைப், ஆர்டுயினோ, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பஸ்ஸர். எதிரில் ஏதாவது வந்தால் 'பீப்'. வருஷத்துக்கு ரெண்டு டீமாவது இதைச் செய்யும். நாங்களும் தேர்ட் இயரில் செய்தோம். டெமோவில் நானே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினேன். கைதட்டினார்கள், மார்க்கும் நல்லாவே வந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டிக்கோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, பக்கத்தில் வெள்ளைக் கோலோடு ஒரு அண்ணன் இருந்தார். பெருமையாக அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது இப்படிக் கத்திக்கிட்டே இருந்தா, பஸ் வர்ற சத்தம் எனக்கு எப்படி தம்பி கேக்கும்?"

நாலு பேர், மூணு மாச வேலை. அதுவரை ஒரு பார்வையற்றவரிடம்கூட நாங்கள் பேசியிருக்கவில்லை.

இதே வேலையை வேறு யார் எப்படிச் செய்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தது 'தி சீயிங் ஐ'. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கித் தரும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம். 1929-ல் ஆரம்பித்தது. இப்போது நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் இயங்குகிறது.

அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மாரிஸ் ஃபிராங்க் பார்வையற்றவர். இன்னொருவர் டோரதி யூஸ்டிஸ், சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்மணி. வழிகாட்டி நாய்களைப் பற்றி 1927-ல் யூஸ்டிஸ் எழுதிய கட்டுரையைக் கேட்டு, ஃபிராங்க் அவருக்குக் கடிதம் போட்டார். 1928-ல் அங்கே போய்ப் பழகி, பட்டி என்ற நாயோடு (மலையாள நண்பர்கள் சிரிக்க வேண்டாம்) ஊர் திரும்பினார். நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் பாயும் ரோட்டை இருவரும் கடந்தார்கள். அதாவது, முதல் நாளிலிருந்தே பயனாளி டீமில் இருந்திருக்கிறார்.

நாய்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. எங்கே போகணும், எங்கே திரும்பணும் என்பது அந்த மனிதருக்குத்தான் தெரியும். நாய்க்கு சிக்னல் புரியாது. வண்டிச் சத்தத்தைக் காதால் கேட்டு 'போகலாம்' என்று முடிவெடுப்பவர் அவர். நாய் தடைகளைச் சுற்றி நடக்கும், படி வந்தால் நிற்கும். அவர் போகச் சொன்ன பிறகும் வண்டி வந்தால் நகராது. அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கவும் அதற்குப் பயிற்சி தருகிறார்கள். பஸ் ஸ்டாப் அண்ணன் சொன்னதும் இதைத்தான். காதுதான் அவருடைய சென்சார். நாங்கள் அதன் மேலேயே பஸ்ஸரை வைத்திருந்தோம்.

குட்டிகள் ஏழெட்டு வாரத்தில் தன்னார்வலர் வீடுகளுக்குப் போகின்றன. அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் வளர்ந்து திரும்பி வந்து, சுமார் நாலு மாசம் பயிற்சி எடுக்கின்றன. எந்த நாய் யாருக்கு என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. பயிற்சியாளர் ஹார்னஸின் ஒரு முனையைப் பிடித்து நாய் மாதிரி முன்னால் நடப்பார், வரப்போகிறவர் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் வருவார். 'ஜூனோ வாக்' என்று பெயர். அவருடைய நடை வேகம் என்ன, எவ்வளவு இழுப்பு அவருக்குச் சரியாக இருக்கும் என்று இதில் தெரிந்துவிடும். அதற்கேற்ற நாயோடு மூணு நாலு வாரம் அங்கேயே தங்கிப் பழகணும். வீட்டுக்குப் போன பிறகும் சிக்கல் என்றால் நிறுவனம் உதவிக்கு வரும். முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலர் மட்டும் வாங்குகிறார்கள். உண்மையான செலவு அதைவிடப் பல மடங்கு, மீதி நன்கொடை. வாங்குகிறவர் கையேந்தி நிற்கக்கூடாது என்பதற்காகவே அந்தச் சின்னத் தொகை.

"நாய் எல்லாருக்கும் ஒத்துவராது, செலவும் ஜாஸ்தி" என்பீர்கள். சரிதான். வெள்ளைக் கோலே போதும் என்பவர்களும் நிறைய. நாய் வளர்க்கலாம் வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அவர்கள் வேலை செய்கிற வரிசையைப் பாருங்கள் என்கிறேன். அங்கே ஆளைப் பார்த்த பிறகுதான் நாயை முடிவு செய்கிறார்கள், கொடுத்த பிறகும் கூடவே இருக்கிறார்கள். நம்ம ஸ்டிக்கோ டெமோ அன்றைக்கே செத்துப்போகிறது. எங்களுடையது இப்போது லேப் அலமாரியில், பேட்டரி இல்லாமல்.

என் யோசனை ஒன்றுதான். முதல் ரிவ்யூவுக்கு முன்னால் டீம் ஒரு பயனாளியோடு ஒரு மணி நேரமாவது உட்காரணும். கடைசி ரிவ்யூவில் அவர் சொன்னதற்கும் மார்க் இருக்கணும். இதற்குப் புது லேப் எதுவும் வேண்டாம்.

ஜூனியருக்குக் கோடு அனுப்பிவிட்டேன், பஸ்ஸர் வரிகளை மட்டும் எடுத்துவிட்டு. "அந்த இடத்துல என்ன வரணும்னு யார்கிட்டயாவது கேட்டுட்டு வாடா" என்றேன்.

"அண்ணா, நாளைக்கே டைட்டில் சப்மிட் பண்ணணும்" என்றான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.