வைரத்தில் மாட்டிக்கொண்ட மனு

ஒரு வேலையைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் போக்கைப் படமாக வரைவார்கள். ஆக்டிவிட்டி டயகிராம் என்று பெயர். 1997ல் யூ.எம்.எல். தரமாக ஏற்கப்பட்டபோதே அதில் இதுவும் இருந்தது. கறுப்பு வட்டத்தில் ஆரம்பம், பெட்டிகளில் வேலைகள், 'ஆமா, இல்லையா' என்று கேட்க ஒரு வைர வடிவம். பார்க்க அழகுதான். என் சண்டை படத்தோடு இல்லை, வரைகிறவர்களோடு.

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பட்டா மாறுதலை எடுத்துக்கொள்வோம். உட்பிரிவு உண்டா என்பது ஒரு வைரம். உண்டு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இதுவரை யாரும் வரைந்துவிடுவார்கள். அடுத்தது: விற்றவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா? இல்லை என்றால்? நான் பார்த்த படங்களில் 'நிராகரி' என்று ஓர் அம்பு, நேரே முடிவு வட்டத்துக்கு!

நம்ம ஊர்க் காடுகளில் தாத்தா பெயரிலேயே பட்டா இருப்பது அதிசயமா? தாத்தா போய், அப்பாவும் போய், அண்ணன் தம்பிகள் வாய்வார்த்தையாகப் பாகம் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். ஊரில் அது வழக்கம், படத்தில் விதிவிலக்கு. வாரிசுச் சான்றுக்கு அலைவது எந்தப் பெட்டியிலும் இல்லை.

இத்தனைக்கும் அந்தப் பட இலக்கணத்திலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. வைரத்திலிருந்து கிளம்பும் எந்த அம்பின் நிபந்தனையும் பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் 'மற்றபடி' என்று ஓர் அம்பு வைக்கச் சொல்கிறார்கள். 1983ஆம் வருடப் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று வழி விட்டிருக்கிறது. சட்டம் போட்ட அம்பை அழிக்க இவர்கள் யார்?

எல்லாவற்றையும் வரைந்தால் படம் இடியாப்பமாகிவிடும் என்பார்கள். சாக்கு. ஒரு பெட்டியின் மூலையில் சூலம் போல ஒரு குறி போட்டு, அதன் விவரத்தைத் தனிப் படமாக வரைய வசதி இருக்கிறது.

யார் எந்த வேலை செய்கிறார் என்று காட்ட ஆளுக்கொரு தடம் பிரிப்பதும் உண்டு. வி.ஏ.ஓ.வுக்கு ஒன்று, சர்வேயருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று. மனுதாரர் தடத்தில் மட்டும் மனு கொடு, பட்டா வாங்கு என்று இரண்டே பெட்டி; நடுவே வெள்ளைத்தாள். அவர் பஸ் ஏறி ஏறி வருவதெல்லாம் அந்த வெள்ளைத்தாளில்தான் நடக்கிறது. அந்தத் தடத்தை முதலில் வரையுங்கள், ஐயா. அளக்க வரும் நாளில் பக்கத்துக் காட்டுக்காரரும் இருக்க வேண்டுமே, அவருக்கு யார் தகவல் சொல்வது என்ற கேள்வி அப்போதே வந்து நிற்கும்.