கபடிக்கு உலகச் சாம்பியன் யார்?

கபடியில் உலகச் சாம்பியன் யார் என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியா ஈரானை 38–29 என்று தோற்கடித்தது. எனவே இந்தியாதான் என்பார் ஒருவர். 2020 பிப்ரவரியில் லாகூரில் நடந்த வட்டக் கபடி உலகக் கோப்பையில் பாகிஸ்தான் ஜெயித்தது. எனவே பாகிஸ்தான் என்பார் இன்னொருவர். தோற்றது இந்திய அணி. ஆனால் தில்லி சர்க்காரோ, நாங்கள் அப்படியொரு அணியை அனுப்பவே இல்லை என்று கைவிரித்தது! 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் வேறொரு சம்மேளனம் வேறொரு உலகக் கோப்பையை நடத்தியது. இதற்கெல்லாம் முன்பே, 2010 முதல், பஞ்சாப் மாநில சர்க்கார் தானே ஒரு உலகக் கோப்பை நடத்தி வந்தது. ஒரு மாநிலம் நடத்தும் உலகக் கோப்பை! உலகம் ஒன்றுதான், கோப்பைதான் பல.

கூலிப் பிரச்சினையும் விலைவாசியும் கழுத்தை நெரிக்கும்போது இதற்கு ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கபடி பணக்காரன் வீட்டுப் பிள்ளை பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டம் அல்ல. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, நடவு முடிந்த கையோடும் ஷிப்டு முடிந்த கையோடும் மண்ணில் இறங்கி ஆடுகிறவர்கள் நம் பிள்ளைகள். மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். மூச்சும் நெஞ்சுரமும் போதும். அந்த ஆட்டத்தின் உச்சியில் இருக்கும் பட்டத்தை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள் என்பதில் நமக்குப் பேச்சில்லையா?

அகமதாபாத்தில் கூடியவை 12 நாடுகள். அண்டை நாடான பாகிஸ்தானுக்கு அழைப்பில்லை. அது கபடியில் கத்துக்குட்டி நாடா? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கான ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிரே நின்றது பாகிஸ்தான்தான். இரு நாட்டு சர்க்கார்களுக்கும் இடையே ஆயிரம் தகராறு இருக்கலாம். அதற்காக எதிராளியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நின்று 'உலகத்தை ஜெயித்தோம்' என்று தொடை தட்டுவது என்ன ஆட்டம்? நம் வீரர்கள் திறமைசாலிகள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32–34 என்று தோற்றும் தளராமல் எழுந்து வந்து கோப்பையை எடுத்தவர்கள் அவர்கள். குறை ஆட்டக்காரர்களிடம் இல்லை; அழைப்புப் பட்டியல் எழுதிய கையில் இருக்கிறது.

இந்த வித்தையில் முன்னோடி அமெரிக்கா. அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். மட்டையால் பந்தை அடித்து நாலு மூலைகளைச் சுற்றி ஓடும் ஆட்டம். 1903 முதல் இரண்டு லீக்குகளின் வெற்றி அணிகள் மோதுகின்றன. அந்தத் தொடருக்குப் பெயர் 'உலகத் தொடர்', ஜெயித்தவர்களுக்குப் பட்டம் 'உலகச் சாம்பியன்'. அமெரிக்கா தவிர அதில் ஆடும் ஒரே நாடு பக்கத்திலுள்ள கனடா. கனடாவின் டொரண்டோ அணி 1992-லும் 1993-லும் ஜெயித்தது. உலகம் விரிந்தது அவ்வளவுதான்.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. ஜப்பான், டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா என்று எல்லா நாட்டுச் சிறந்த ஆட்டக்காரர்களும் எங்கள் அணிகளில்தான் ஆடுகிறார்கள். எங்களை வெல்ல வேறெந்த ஊர் அணியாலும் முடியாது. பிறகு ஏன் அந்தப் பெயர் கூடாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பல நாட்டுப் பஞ்சு வந்து இறங்குவதால் விக்கிரமசிங்கபுரம் மில் உலக மில் ஆகிவிடுமா? பணம் கொடுத்துப் பல நாட்டு உழைப்பை வாங்குகிறவன் ஒரு பெரிய முதலாளி. அவனே உலகமாகிவிட மாட்டான். நாடுகள் நாடுகளாக வந்து மோதிய களத்தில் நடந்ததைப் பாருங்கள். 2006 முதல் 2023 வரை உலக பேஸ்பால் போட்டி ஐந்து முறை நடந்தது. ஜப்பான் மூன்று முறை ஜெயித்தது. அமெரிக்கா ஜெயித்தது 2017-ல் ஒரே முறை. 2023 இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 3–2 என்று வீழ்த்தியதும் ஜப்பானே. அமெரிக்கா முற்றுகை போட்டு வதைத்த குட்டித் தீவான கியூபா, ஒலிம்பிக்கில் 1992, 1996, 2004 என்று மூன்று முறை பேஸ்பால் தங்கம் வாங்கியது.

இதைவிடக் கேவலமான விஷயம் வேறு. அந்த 'உலகத் தொடரில்' பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் சொந்தக் கறுப்பு மக்களுக்கே இடமில்லை. எழுதிய சட்டம் எதுவுமில்லை. முதலாளிகளுக்குள் வாய்ப்பேச்சாக ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான். கறுப்பு ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீக் வைத்துக்கொண்டு ஆடினார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கிய பிறகே அந்தச் சுவர் விரிசல் கண்டது. அது தானாக விரிசல் காணவில்லை. அமெரிக்கக் கம்யூனிஸ்டுப் பத்திரிகையான 'டெய்லி ஒர்க்கர்' 1936 முதல் இந்த அநீதிக்கு எதிராக எழுதிக் குவித்தது. அதன் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லெஸ்டர் ராட்னி திரும்பத் திரும்ப இதே பல்லவியைப் பாடினார். பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. 1947-க்கு முன் 'உலகச் சாம்பியன்' என்று கொண்டாடப்பட்ட அணிகள், தங்கள் ஊரிலேயே இருந்த சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியைச் சந்திக்காமலே பட்டம் வாங்கியவை.

அமெரிக்கனைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நம் ஊர் எப்படி இருக்கிறது?

ஆற்றுப் பாசனத்துக் கிராமங்களில் கொடை விழாவை ஒட்டி மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும். சுவரொட்டியில் 'தென்னிந்திய அளவிலான' என்று கொட்டை எழுத்து. வந்து இறங்குவதோ பக்கத்து மூன்று தாலுகா அணிகள். அது போகட்டும், இளைஞர்களின் உற்சாகம். (கோவில்பட்டி ஹாக்கிப் போட்டிக்கு 'அகில இந்திய' என்ற பெயர் தகும், வடநாட்டு அணிகள் ரயிலேறி வந்து ஆடுகின்றன.) ஆனால் அந்தக் கிராம அணியின் பெயரைப் பாருங்கள். ஊரின் பெயர் இருக்கும். ஆட்டக்காரர்கள் ஒரே தெருவாக இருப்பார்கள். மேலத்தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி. இரண்டும் ஒரே களத்தில் மோதினால் கலவரம் வரும் என்று இரண்டுக்கும் ஒரே போட்டியில் இடம் தர மறுக்கும் கமிட்டிகள் உண்டு. வயலில் ஒன்றாகச் சேற்றில் நிற்கலாம், மில்லில் ஒன்றாக நூல் சிக்கலைப் பிரிக்கலாம்; கபடியில் கைகோத்துச் சங்கிலி கட்டிப் பிடிக்க மட்டும் சாதி குறுக்கே வருகிறது! பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு 'ஊர்ச் சாம்பியன்' என்று கோப்பை வாங்குகிறவனுக்கும் அந்தப் பழைய அமெரிக்க முதலாளிக்கும் என்ன வித்தியாசம்?

ஆறு கடலை நெருங்கும் பக்கத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது மணத்தி கிராமம். அந்த ஊர் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையிலிருந்து கதையை எடுத்து மாரி செல்வராஜ் உருவாக்கிய 'பைசன்' படம் 2025-ல் வெளிவந்தது. கபடியாட நினைக்கும் ஒரு கிராமத்துப் பையன் எதிரணியைத் தாண்டுவதற்கு முன்பு எத்தனை அரிவாள்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் சீமை ஜனங்கள் அதில் கண்டார்கள். கணேசன் தாண்டினார். தாண்ட முடியாமல் களத்தோரமே நின்றுபோனவர்களின் கணக்கை யார் எழுதியிருக்கிறார்கள்?

உச்சியில் இருந்த சங்கத்தின் லட்சணமும் சொல்லத் தக்கதே. அகில இந்தியக் கபடிச் சம்மேளனத்தின் தலைமை பல ஆண்டுகள் ஒருவரிடம் இருந்து, பிறகு அவர் மனைவி கைக்குப் போனது. 2018-ல் தில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தேர்தலைச் செல்லாதென்று ஆக்கி, நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது.

அதே 2018-ல்தான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் இந்தியாவைத் தோற்கடித்தது. 1990 முதல் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வாங்கிய ஆண்கள் அணி அரையிறுதியில் 18–27 என்று விழுந்தது. மறுநாள் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் 24–27 என்று தோற்றது. 'அவமானம்' என்று பத்திரிகைகள் அலறின. நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிர மாநிலம் நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். நம் மண்ணின் ஆட்டத்தை நம்மிடம் கற்றுக்கொண்டு, நம்மையே வெல்லும் அளவுக்கு வேறொரு நாட்டுப் பெண்கள் ஆடிக் காட்டினார்கள். கபடி மெய்யாகவே உலக ஆட்டமாக வளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? 2023-ல் ஹாங்சோவில் ஈரானை 33–29 என்று வென்று இந்திய ஆண்கள் தங்கத்தை மீட்டார்கள். நமது கணக்கில், அகமதாபாத் கோப்பையைவிட அந்தத் தங்கத்துக்குத்தான் எடை அதிகம். 'ஆசியா' என்று அளவோடு சொல்லிக்கொண்ட போட்டி அது. பாகிஸ்தானும் வந்து ஆடியது.

ஆகவே உலகக் கோப்பை என்று ஒன்று நடத்தினால் ஆட விரும்பும் எந்த நாட்டுக்கும் கதவை அடைக்கக் கூடாது; விசா கொடுக்கும் அதிகாரத்தைக் கபடித் தீர்ப்பாக மாற்றக் கூடாது. ஆளுக்கொரு சம்மேளனம் வைத்து ஆளுக்கொரு உலகம் படைப்பதை நிறுத்திக்கொண்டு, ஒரே கோப்பைக்கு ஆடட்டும். இதைத் தில்லிக்குச் சொல்கிறோம்.

தாமிரபரணிக் கரைக்குச் சொல்ல வேண்டியது வேறு. பெரிய போட்டிகள் இப்போது மேட் விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் பழகிய கால் அதில் தடுமாறுகிறது. ஊராட்சி செலவில் மேட் வாங்கும் இடங்களில் அதை எங்கே விரிக்கிறார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஒரு தெருவின் கோயில் மைதானத்தில் விரித்தால் மறு தெருப் பையன் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. பள்ளி மைதானத்தில், எல்லாரும் வரக்கூடிய இடத்தில், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு விளக்குடன் விரிக்க வேண்டும் என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள்.