புலிகேசி ஆண்ட காலம் எது?

“நகைச்சுவைப் படத்திற்குச் சரித்திரம் எதற்கு? சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே!” என்பர் ஒரு சாரார். “தமிழ் மன்னனைக் கோமாளியாக்கி நம் பழம்பெருமைக்கு இழுக்குத் தேடிவிட்டார்கள்” என்பர் மற்றொரு சாரார். 2006-ம் ஆண்டில் சிம்புதேவன் இயக்க, வடிவேலு இரட்டை வேடம் பூண்டு நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ போன்ற படங்களைக் கண்டால் எழும் பேச்சுக்கள் இவை. இரண்டும் பொருந்தாப் பேச்சுக்கள் என்பதே நம் கருத்து.

முதற்கண் பெயரைக் கண்டு மயங்குவோர்க்கு ஒரு சொல். சரித்திரத்துப் புலிகேசிகள் வாதாபியை ஆண்ட சளுக்கியர், தமிழ் வேந்தரல்லர். அவருள் பெயர்பெற்ற இரண்டாம் புலிகேசி 7-ம் நூற்றாண்டில் பல்லவரோடு பொருதவன். படத்துப் புலிகேசியோ ஒரு பாளையத்தின் தலைவன். கிழக்கிந்தியக் கும்பினியாரின் துரைமார் வந்தால் குழைந்து நிற்பவன். காலத்தை அறிய இவ்விரு குறிப்புக்களே போதும். பாளையங்கள் 16-ம் நூற்றாண்டில் மதுரை நாயக்கரால் வகுக்கப்பட்டவை. பாளையக்காரரிடம் தானே நேரில் கப்பம் தண்டும் உரிமையைக் கும்பினி ஆர்க்காட்டு நவாபிடமிருந்து பெற்றது 1792-ல். கர்நாடகம் முழுவதுமே 1801-ல் அதன் கைக்குப் போயிற்று. பாளையங்கள் ஜமீன்களாக மாறின. எனவே 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியே இக்கதையின் களம்.

காலம் தெரிந்து ஆவதென்ன என்று கேட்பீராயின், கூறுவோம். கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கும்பினிக்குத் துணை நின்றது எட்டயபுரம் பாளையம். எதிர்த்து மாண்டவரைப் பாடிப் பரவும் நாம், பணிந்து பட்டம் காத்தவரை மெல்ல மறந்துவிட்டோம். படத்து மன்னன் கற்பனையே. அவன் காலத்துக் கோழைமையும் காட்டிக்கொடுத்தலும் கற்பனையல்ல. இதை அறியாதவன் வடிவேலுவின் மீசையைக் கண்டு சிரிப்பான். அறிந்தவனோ சரித்திரத்தையே கண்டு சிரிப்பான்.

அந்நிய வணிகரின் ‘அக்கமாலா’, ‘கப்சி’ பானங்களுக்கு அம்மன்னன் விளம்பரம் செய்கிறானே, அது காலப் பிழையன்றோ என்பர் சிலர். கொக்கோ கோலா அமெரிக்காவில் தோன்றியது 1886-ல் என்பது மெய்யே. ஆயினும் அது வேண்டுமென்றே வைத்த பிழை. அன்று நாட்டைக் கும்பினிக்கு விற்ற கை, இன்று எதை விற்கிறது என்று கேட்கிறது அக்காட்சி. களத்தின் காலம் திண்ணமாகத் தெரிந்தாலன்றோ பிழையின் பொருளும் விளங்கும்?

சாதிச் சண்டைக்கென்று மைதானம் அமைத்து அம்மன்னன் வேடிக்கை பார்ப்பதையும் எண்ணுக. அது பழங்கதையா? 1786-ல் பினாங்கில் கொடி நாட்டியதும் அதே கும்பினியே. அதன் பின் நூறாண்டுக்கு மேலாக நம் முன்னோர் இந்நாட்டிற்குக் கப்பலேறினர். அவருள் மிகப் பலர் விட்டு வந்தது அரியணையையன்று, பசியையும் கடனையுமே. அவ்வேழ்மையிலும் சாதியை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம்! தோட்டம் விட்டுப் பட்டணம் சேர்ந்த பின்னரும், பெண் கொடுக்கும்போது அம்மூட்டையை அவிழ்ப்போர் இன்றும் உளர். மைதானம் கட்ட இங்கு மன்னனும் வேண்டுவதில்லை.

ஆதலின் தோழர்களே, மன்னர் கதை எதைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த ஆண்டு? கப்பம் யாருக்குப் போயிற்று? அதைச் சுமந்த குடியானவன் எங்கே? விடை காணாமல் மன்னர் பெருமை பேசுவோரே உண்மையில் நகைப்புக்கு உரியவர்.